கட்டி வேண்டுமென்று நேர்ந்துகொண்ட கொசு

ஈப்போவில் எத்தனையோ பேர் சாமிக்குத் தேங்காய் உடைத்திருக்கிறார்கள். நோய் தீரவேண்டும், மகள் கல்யாணம் கூடிவரவேண்டும், எதிர்வீட்டுக்காரன் வீடு மாறிப் போகவேண்டும் என்றெல்லாம். ஆனால் தன் உடம்புக்குள் ஒரு கட்டி இருக்கவேண்டும், அதுவும் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிகிற அளவுக்கு நல்ல கட்டியாக இருக்கவேண்டும் என்று நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்துகொண்ட மனிதர் இந்தக் கிந்தா பள்ளத்தாக்கிலேயே ஒருவர்தான். அவர் பெயர் கொசு.

அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எழுபதுகளின் கடைசியில், பழைய டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் ரிப்போர்ட் டைப் அடிக்கிறவன். அவர் ரத்தம் எடுக்கிறவர், ஆகவே கொசு. மலாய்க்காரர்கள் மரியாதையாக "பாங் நியாமுக்" என்பார்கள். அதற்கும் கொசு அண்ணன் என்றுதான் அர்த்தம். இருவருக்கும் நாற்பது வயதுக்குப் பக்கம். ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வோம்.

கை மட்டும் தங்கம் அவருக்கு. மூன்று மாதக் குழந்தையின் நரம்பைத் தடவியே பிடித்துவிடுவார். அழலாமா வேண்டாமா என்று குழந்தை யோசித்து முடிப்பதற்குள் பஞ்சு வைத்திருப்பார். ஆனால் அந்தக் கையைத் தவிர மற்ற எதுவும் அவர் சொன்னபடி கேட்காது. யாராவது பின்னாலிருந்து தோளைத் தொட்டால் போதும், மனிதர் ஒரு முழம் எழும்பிவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். சைக்கிள் மணிக்கு வியர்க்கும். கதவுக்கு முதுகு காட்டி உட்காரமாட்டார். சாப்பாடு எப்போதும் நின்றபடிதான், அதுவும் செருப்போடு.

ஒருநாள் ஒரு சீனத்து அம்மாவுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் யாரோ இரும்புத் தட்டு ஒன்றைக் கீழே போட்டுவிட்டார்கள். நான் எட்டிப் பார்த்தபோது கொசுவைக் காணவில்லை. மேசைக்கு அடியிலிருந்து அவருடைய வலது கை மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஊசி பத்திரமாக இருந்தது, ஊசிக்குள் அளவு குறையாமல் ரத்தமும் இருந்தது. அந்த அம்மாவுக்கு ஊசி வெளியே வந்ததுகூடத் தெரியவில்லை. அடுத்த வாரம் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"என்னா மச்சான், இவ்ளோ பயமா?" என்று கேட்டேன்.

"பயம் எனக்கு இல்ல லா. ஒடம்புக்குத்தான்" என்றார்.

இந்த வித்தியாசத்தை அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். தினமும் ஐந்து வேளை தன் நாடியைப் பிடித்துப் பார்த்து அதில் எழுதுவார். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நூற்றுப்பத்து. காலை நான்கு மணிக்குத் தானாக விழிப்பு வந்துவிடும், அப்போது நூற்றிருபது. மற்றவர்கள் பழைய டவுன் கடையில் காப்பி குடித்துப் பசியாறிக்கொண்டே பேப்பர் படிப்பார்கள், இவர் தன் நோட்டைப் படிப்பார்.

எங்கள் கூடத்துக்கு ரத்தம் அனுப்புகிற டாக்டரம்மா ஒருவர் இருந்தார். கொசுவின் தலைவலி, வியர்வை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒருநாள் அவரை உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டினார். இரண்டு கிட்னிக்கும் மேலே தொப்பி மாதிரி இரண்டு சுரப்பிகள். ஆபத்து வந்தால் ஓடு, இல்லையென்றால் சண்டை போடு என்று ஒரு சாற்றை ரத்தத்தில் இறைப்பது அவற்றின் வேலை. சிலருக்கு அதில் கட்டி வரும். ஆபத்தே இல்லாமல் அந்தச் சாறு கொட்டிக்கொண்டே இருக்கும். வெட்டி எடுத்தால் சரியாகிவிடும்.

மறுநாள் தோட்டத்துக் கணக்கில் அதை அவர் விளக்கியதுதான் எனக்குப் புரிந்தது. "மூளைதான் தொரன்னு வெச்சுக்க. அவரு சத்தம் போடுவாரு. மூளைக்கு அடியில ஒருத்தன் கிராணி, சீட்டு எழுதுவான். கிட்னி மேல குந்தியிருக்கிறவன் மண்டோரு, கங்காணி. சீட்டு வந்ததும் லயத்து வீடு வீடா ஓடி, எந்திரிங்கடா எந்திரிங்கடான்னு தட்டி எழுப்புவான். ரத்தம், நெஞ்சு, காலு, எல்லாம் எந்திரிச்சு நிக்கும். வேல முடிஞ்சதும் மண்டோரு படுத்துருவான். என் மண்டோரு படுக்கிறதே இல்ல மச்சான்."

"அதுக்குத்தான் கட்டியான்னு பாக்கப் போறாங்களே."

"கட்டியா இருக்கணும்னு வேண்டிக்க" என்றார். "கட்டின்னா வெட்டிருவாங்க. பயம்னா எங்க போயி வெட்டறது?"

என்ன பயம் என்று கேட்டேன். பழசு என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலமே சுப்பிரமணியர் கோயிலுக்குப் போய்த் தேங்காய் நேர்ந்துகொண்டார். என்ன வேண்டுதல் என்று கேட்ட குருக்கள், பதிலைக் கேட்டுவிட்டு மறுபடியும் கேட்டாராம்.

பரிசோதனை என்றால் ரத்தத்தோடு முடியவில்லை. காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ரத்தம் எடுக்கவேண்டும். அதை வேறு யாரும் எடுக்க அவர் விடவில்லை. ரப்பர் பட்டையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டு தன் கையில் தானே குத்திக்கொண்டார். அதற்கும் மேலே, ஒரு முழு நாள் போகிற சிறுநீர் அத்தனையையும் இரண்டு லிட்டர் பழுப்புப் போத்தலில் பிடித்து, ஐசில் வைத்துக் காப்பாற்றவேண்டும். கெடாமலிருக்க உள்ளே கொஞ்சம் ஆசிட்டும் ஊற்றியிருக்கும். முன்னாலேயே மூன்று நாளைக்குக் காப்பி, வாழைப்பழம், சாக்லேட் எதுவும் கூடாது. ஈப்போவில் பிறந்து வளர்ந்தவனைக் காப்பி குடிக்காதே என்று சொல்வது என்ன நியாயமோ தெரியவில்லை. மூன்றாம் நாள் கொசு காப்பிக் கடை வாசலில் நின்று மூச்சை மட்டும் இழுத்துவிட்டுப் போவதை நான் பார்த்தேன்.

போத்தல் பிடிக்கிற நாளில்தானா செமோரில் ஒரு கல்யாணம் வரவேண்டும்? கூட வேலை செய்த பெண்ணின் கல்யாணம், போகாமலும் இருக்கமுடியாது. கொசு ஒரு மெங்குவாங் ஓலைக் கூடையில் ஐசைக் கொட்டி, அதற்குள் போத்தலை வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, பஸ்சில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். மண்டபத்தில் கூடையைப் பரிசு மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போனோம்.

திரும்பி வந்தால் கூடை இருக்கிறது, போத்தலைக் காணோம். கொசுவின் முகம் வெளுத்தது. மண்டபத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். பெண்ணின் தாய்மாமன், பட்டு வேட்டியும் சந்தனமுமாக, எங்கள் போத்தலோடும் இரண்டு கிளாசோடும் வாழை மரத்தடியில் குந்தியிருந்தார். ஒரு கிளாஸ் ஏற்கெனவே நிறைந்திருந்தது.

"மாமா, அத வைங்க. அது என்னோடது" என்றார் கொசு.

"தெரியுது லா. இவ்ளோத்தையும் நீ ஒருத்தனே குடிக்கப் போறியா? குந்து, ஆளுக்குக் கொஞ்சம் ஊத்துவோம்."

"மாமா, உள்ள ஆசிட் இருக்கு."

"இந்தக் காலத்துல எந்தச் சரக்குலதான் ஆசிட் இல்ல?"

இதற்குமேல் நாகரிகம் பார்த்தால் கொலைக்கேசாகிவிடும் என்று நான்தான் விஷயத்தைப் பச்சையாக உடைத்தேன். மாமா கிளாசைப் பார்த்தார், கொசுவைப் பார்த்தார், மறுபடி கிளாசைப் பார்த்தார். பிறகு மெதுவாக அதைத் தரையில் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனவர், மாப்பிள்ளை வீட்டார் கிளம்பும்வரை கையைக் கழுவிக்கொண்டிருந்தார். கொசுவுக்கு மாமாவைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. மண்டியிட்டு, கிளாசில் இருந்ததைச் சொட்டுச் சிந்தாமல் போத்தலுக்குள் திருப்பி ஊற்றினார். மூடியை இறுக்கிய பிறகுதான் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"போச்சு மச்சான். போத்தலக் காணோம்னதும் என் மண்டோரு எந்திரிச்சு ஓடியிருப்பான். இன்னிக்கு எண்ணு ஏறியிருக்கும். இத வெச்சு அவங்க கட்டின்னு சொன்னா, அது மாமாவால வந்த கட்டி. அது எனக்கு வேணாம்."

நேர்மையான மனிதர். கட்டிக்காக உயிரை விடுகிறவர், பொய்க் கட்டியை ஏற்கவில்லை. போத்தலைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். இன்னும் மூன்று நாள் காப்பி கிடையாது.

போத்தல் கோலாலம்பூருக்குப் போய், சில வாரம் கழித்துப் பதில் வந்தது. அதை டைப் அடித்தவன் நான்தான். எல்லாம் சரியான அளவு. கட்டிக்கான அறிகுறி எதுவுமில்லை.

கூடத்தில் எல்லாரும் கைகொடுத்தார்கள். கூடத்து முதலாளி தவ்கே தானே போய் ஒரு பெட்டி குவே பலகாரம் வாங்கிவந்து வைத்தார். கொசு ஒரு துண்டை எடுத்து, துக்கவீட்டில் உட்கார்ந்திருக்கிறவர் போல மென்றார். மத்தியானம் காப்பிக் கடைக்குக் கூட்டிப்போனேன். வாசலில் நின்று மூச்சிழுத்து ஏங்கிய அதே காப்பி எதிரில் ஆறிக்கொண்டிருந்தது, அவர் தொடவில்லை. அங்கேதான் அந்தப் பழசைச் சொன்னார்.

பிறந்தது தெலுக் ஆன்சன் பக்கத்து ரப்பர் தோட்டம். இப்போது ஊருக்குத் தெலுக் இந்தான் என்று பெயர். தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்கவேண்டும். கிராணி பேர் வாசிப்பார். வாசிக்கும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய பேர் அடிபட்டுவிடும். அதனால் தகப்பன் வர நேரமாகிவிட்டால் பிள்ளையை முன்னால் அனுப்புவார்கள். பேர் வாசித்ததும் பிள்ளை "வந்தாச்சு" என்று கத்தும். கிராணியும் கண்டுகொள்ளமாட்டார், புள்ளி வைத்துவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவார். எல்லாத் தோட்டத்திலும் நடந்ததுதான் இது.

ஜப்பான்காரன் காலம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று பேச்சு. கொசுவுக்கு ஆறு வயது. ஒருநாள் பெரட்டில் வழக்கத்தைவிடச் சின்ன லிஸ்ட்டை வாசித்தார்கள். களத்தோரம் ஒரு லாரி நின்றது. அப்பா ஜம்பான் என்கிற கக்கூசுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். பிள்ளைக்கு அது தெரியாது. அப்பாவுக்கு நேரமாகிவிட்டது, பேர் அடிபட்டால் வீட்டுக்குக் கிழங்கு கிடைக்காது என்று மட்டும்தான் தெரியும்.

"பேரு வாசிச்சாங்க. நான் கத்தினேன் மச்சான். வந்தாச்சுன்னு. வந்தாச்சுன்னா ஆளு எங்கன்னு தேடினாங்க."

அப்பா திரும்பி வரவில்லை. காப்பியில் ஆடை படிந்துவிட்டது.

டாக்டரம்மாவிடம் போய் இதையும் சொன்னார். அவர், "சின்ன வயசுல அடிச்ச மணி சிலருக்கு ஓயறதில்லையோ என்னமோ. யார் கூட இருந்தாங்க, என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சவங்களக் கேட்டு வாங்க" என்றார்.

தெரிந்தவர் என்றால் அவருடைய அம்மாதான். அந்த ஞாயிற்றுக்கிழமை என் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். தோட்டத்தில் பாதி ரப்பரைச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டிருந்தார்கள். அம்மா லயத்து வாசலில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். கொசு எதிரில் குந்தி, சொல்லமுடியாமல் சொல்லி முடித்தார். அம்மாவின் கை நிற்கவில்லை.

"நீ கத்தினியா? ஏன்டா, நீ மட்டுமா கத்தின? அன்னிக்குக் களத்துல நின்ன அத்தன புள்ளைங்களும்தான் கத்துச்சுங்க. நாங்கதானே அனுப்பி வெச்சோம்."

"நான் சொன்னதாலதான் அப்பாவ..."

"ஒங்கப்பன் பேரு லிஸ்டுல இருந்துச்சு. லாரி நின்னுச்சு. கத்தாத வீட்டு ஆம்பளையையும்தான் ஏத்திக்கிட்டுப் போனான்." அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "இதயா இத்தன வருசமா வயித்துல வெச்சிருந்த? கேட்டிருக்கலாம்லடா."

இவ்வளவுதான். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மகன் அம்மா மடியில் விழுந்து அழப்போகிறார் என்று கௌரவமாக அந்தப் பக்கம் திரும்பினேன். கொசு நோட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"எத்தன புள்ளைங்கம்மா?"

"ஒரு பத்துப் பன்னெண்டு இருக்கும்."

"யார் யாரு? பேரு சொல்லு."

திரும்பி வரும்போது பின்னாலிருந்து என் காதில் கத்திக்கொண்டே வந்தார். "அவங்க மண்டோரும் முழிச்சிருக்கானா, இல்ல எனக்கு மட்டுமான்னு பாத்துரணும் மச்சான்."

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. என் வண்டி, அவருடைய ரத்த அழுத்தக் கருவி. யார் வீட்டு வாசலிலாவது போய் நின்று, "அண்ணே, சின்ன வயசுல பெரட்டுல கத்தினீங்களா? கையக் கொஞ்சம் நீட்டுங்க" என்றால் எவன் நீட்டுவான்? மருந்து விற்க வந்தவர்கள் என்று இரண்டு வீட்டில் துரத்தினார்கள். ஒரு வீட்டில் நாய் துரத்தியது. அன்று தன் நாடி கணக்கில் சேராது என்று கொசு அடைப்புக்குறி போட்டு எழுதிக்கொண்டார்.

கிடைத்தவர்களில் ஒருவர் ஈப்போவிலேயே பூக்கடை வைத்திருந்தார். நாடி நூற்றெட்டு. படுக்கும்போதும் செருப்பைக் கழற்றமாட்டாராம், ஏன் என்று தெரியாதாம். கொசு சந்தோஷத்தில் அவரைக் கட்டிக்கொண்டார். இன்னொருவர் தெலுக் ஆன்சனில் மர லாரி ஓட்டுகிறவர். கருவியைக் கையில் சுற்றிக் காற்று அடிக்க அடிக்கவே தூங்கிவிட்டார். நாடி அறுபத்திரண்டு. கொசுவுக்குத் தாங்கவில்லை. தட்டி எழுப்பி, அதே களம்தானா, அதே லாரிதானா என்று விசாரித்தார்.

"அதே லாரிதான். எங்க அக்கா என்னத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிச்சு. பெறகு கல்யாணம் கட்டிப் போறவரைக்கும் எறக்கி விடவே இல்ல" என்றார் லாரிக்காரர், கொட்டாவியோடு.

கொசு நோட்டில் நாடிக்குப் பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, மேலே 'அக்கா' என்று தலைப்புப் போட்டார். அன்று முதல் எல்லாரிடமும் அதையும் கேட்டார். லாரி போனபிறகு உங்களை யார் தூக்கினார்கள்? நோட்டைக் கொண்டுபோய்க் காட்டியபோது டாக்டரம்மா, தன் புத்தகங்களில் அந்தக் கட்டம் இல்லை என்று சொல்லி அப்படியே நகல் எடுத்துக்கொண்டார்.

அம்மா சொன்ன பேர்களில் ஏழு பேரைத்தான் பிடிக்க முடிந்தது. கடைசி ஆள் ஞானம்மா. செமோரில் தையல் கடை. சுவரில் மாதா படம், கீழே இரண்டு மெஷின். நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் அந்தம்மாள் தைப்பதை நிறுத்தினார்.

"எங்கப்பா பேரு வாசிக்கும்போது நான் ரெண்டு தடவ கத்தினேன்" என்றார். "கிராணிக்குக் காது கேக்கலையோன்னு."

கொசு, "நான் ஒரு தடவதான்" என்றார். அந்தம்மாள் அவரையே பார்த்தார். திடீரென்று இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கண்ணீரும் வந்தது, எது முதலில் வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆறு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் அந்தக் கடைக்குள் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

கொசு அவருக்கு நாடி பார்த்தார். தொண்ணூற்றாறு. எழுதிக்கொண்டார்.

"எல்லாருக்கும் நீங்க பாக்குறீங்க. ஒங்களுக்கு யாரு பாக்குறது?" என்று கேட்டார் ஞானம்மா.

கொசு கொஞ்சம் யோசித்தார். தன் நாடியை வேறொருவர் தொட அதுவரை விட்டதில்லை. என் பக்கம் கையை நீட்டினார், கண்ணை மூடிக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிஷம் எண்ணினேன். விரலுக்கடியில் அது ஓடிக்கொண்டேதான் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு.

"எவ்ளோ மச்சான்?"

"எம்பத்திநாலு" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். இருபது வருஷமாக நாடி பிடிக்கிறவருக்குத் தன்னுடையது தெரியாமலா இருக்கும்? நோட்டை என்னிடம் நீட்டி, "நீயே எழுது" என்றார். எழுதினேன். டைப் அடித்துப் பிழைத்த இத்தனை வருஷத்தில் நான் அறிந்து எழுதிய தப்பான எண் அது ஒன்றுதான். இன்று எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன்.